ஹிர்டா தீவின் பாடல்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்துக்கு மேற்கே, வட யூயிஸ்ட் தீவையும் தாண்டி சுமார் 64 கிலோமீட்டர் தொலைவில், அட்லாண்டிக் கடலில் செங்குத்தாக நிற்கும் பாறைத் தீவுக்கூட்டம் செயின்ட் கில்டா. அங்கே மனிதர் வாழ்ந்த ஒரே பெரிய தீவு ஹிர்டா. 1930-இல் கடைசிக் குடும்பங்களும் கிளம்பிப் போயின. அவர்கள் பாடியவற்றில் மிகச் சிலவே எழுத்தில் தங்கின. அந்தச் சிலவற்றைப் பற்றி நான் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். பாடல் வரிகளின் கருத்தை மட்டும் தமிழில் சொல்லியிருக்கிறேன். மூலம் ஸ்காட்லாந்தின் பழைய மொழிகளில் ஒன்றான கேலிக்.

கில்டா என்பது எந்தப் புனிதர்?

அப்படி ஒரு புனிதரே கிடையாது. பழைய நார்ஸ் மொழியில் ஊற்றைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். கேடயங்களைக் குறிக்கும் சொல்லை வரைபடக்காரர்கள் இடம் மாற்றி எழுதிவிட்டார்கள் என்பது இன்னொன்று. தீவுக்காரர்கள் தங்கள் ஊரை இந்தப் பெயரால் அழைத்ததில்லை. அவர்களுக்கு அது ஹிர்டா, கேலிக் உச்சரிப்பில் ‘ஹிர்ஷ்ட்’ போல ஒலிக்கும். அதனால் பாடல்களைப் பற்றிப் பேசும்போது நானும் ஹிர்டா என்றே சொல்கிறேன்.

ஊர் எப்படி இருந்தது என்று தெரிந்தால்தானே பாட்டு புரியும்?

ஆமாம், அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இவை பழைய எரிமலை ஒன்றின் மிச்சங்கள். ஹிர்டாவில் கோனாகர் என்ற குன்று 430 மீட்டர் உயரம். அதன் கடல் பக்கம் அப்படியே அறுத்துவிட்டது போல நேராகக் கடலில் இறங்குகிறது. டூன், சோவே, போரரே என்று பக்கத்துத் தீவுகள். போரரேவை ஒட்டிக் கடலிலிருந்து தனித்தனியாக எழும் இரண்டு பாறைத் தூண்கள்: ஸ்டாக் அன் ஆர்மின் 196 மீட்டர், ஸ்டாக் லீ 172 மீட்டர். மரம் என்று ஒன்றுகூட இல்லை. உப்புக் காற்றில் பயிர் கொஞ்சமாகத்தான் விளையும். கடல் கொந்தளிப்பால் மீன்பிடிப்பையும் நம்பி இருக்க முடியாது.

சோறு போட்டவை பறவைகள். கானெட், ஃபுல்மர், பஃபின் என்ற மூன்று கடற்பறவைகளும் அந்தப் பாறை விளிம்புகளில் கோடைதோறும் லட்சக்கணக்கில் வந்து முட்டையிடும். ஆண்கள் வெறுங்காலோடு, இடுப்பில் குதிரைமயிர்க் கயிற்றைக் கட்டிக்கொண்டு அந்தப் பாறைகளில் இறங்குவார்கள். முட்டையும் இறைச்சியும் உணவு. ஃபுல்மரின் எண்ணெய் விளக்குக்கும் மருந்துக்கும். இறகு, நிலச்சொந்தக்காரருக்குக் கட்டும் வாடகை. கானெட்டின் கழுத்துத் தோல் செருப்பாகும். பிடித்ததை மொத்தமாகக் குவித்து வீட்டுக்கு வீடு பங்கு போடுவார்கள். இந்தப் ‘பங்கு’ என்ற சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பங்கைக் காயவைக்கக் கல்லடுக்கி, மேலே புல்லோடு வெட்டிய மண்கட்டி போர்த்திய சிறு அறைகள் கட்டினார்கள். ‘கிளீட்’ என்று பெயர். கல்லிடுக்கு வழியே காற்று புகுந்து உள்ளிருப்பதை உலர்த்தும். அந்தச் சின்னத் தீவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிளீட்கள் இன்றும் நிற்கின்றன.

படிப்பறிவில்லாத நூறு இருநூறு பேர் கவிதை பாடினார்களா?

பாடினார்கள். 1697-இல் மார்ட்டின் மார்ட்டின் என்ற ஸ்கை தீவுக்காரர் திறந்த படகில் ஹிர்டாவுக்குப் போனார். கேலிக் அவருடைய தாய்மொழி என்பதால் மக்களோடு நேரடியாகப் பேச முடிந்தது. அப்போது அங்கே சுமார் 180 பேர் இருந்ததாக எழுதியிருக்கிறார். ஆணும் பெண்ணுமாகக் கவிபாடும் திறன் உள்ளவர்கள் அவர்களில் இருந்தார்கள், இசையில் மிகுந்த பிரியம் உள்ளவர்கள் என்பதும் அவருடைய சாட்சியம்.

எழுதப் படிக்கத் தெரியாததும் கவிதை இல்லாததும் ஒன்றல்ல. துடுப்புப் போடும்போது ஒரு பாட்டு. நெய்த கம்பளியைப் பெண்கள் பலகையில் அடித்து இறுக்கும்போது ஒரு பாட்டு. யாராவது பாறையிலிருந்து விழுந்தால் ஒப்பாரி. வேலைக்கும் சாவுக்கும் ஒட்டியே பாட்டு பிறந்தது.

அந்தப் பாடல்களில் இயற்கை எப்படி வருகிறது?

நாம் எதிர்பார்ப்பது போல வருவதில்லை. நான் முதலில் படித்தபோது ஏமாந்தது இங்கேதான். சூரிய அஸ்தமனம், தனிமை, அலையின் சோகம் எல்லாம் தேடிக்கொண்டே போனேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒரு வேலைப் பாட்டில் மண்வெட்டியைப் பார்த்துப் போ என்கிறார்கள். ஆட்டையும் குட்டியையும் போகச் சொல்கிறார்கள். என் கயிறே எழுந்திரு, என் கண்ணியே எழுந்திரு, கடல்மேல் கானெட்டின் குரலைக் கேட்டுவிட்டேன் என்று துள்ளுகிறார்கள். குளிர்காலம் முழுக்கக் காய்ந்ததைத் தின்று சலித்தவர்களுக்குப் பறவை திரும்பி வந்த நாள் அது. கானெட்டின் சத்தம் அவர்கள் காதில் அடுப்பு மூட்டும் சத்தமாகக் கேட்டிருக்க வேண்டும். இயற்கையைத் தள்ளி நின்று பார்த்தவர்களின் பாட்டு இல்லை இது. கயிற்றில் தொங்கியபடி அதைத் தொட்டவர்களின் பாட்டு.

காதல் பாட்டு உண்டா?

உண்டு, எனக்கு மிகப் பிடித்தவையும் அவைதான். ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் ஒரு பாடலில் அவன் அவளைப் புறா என்றும் பாடும் பறவை என்றும் காலையில் ஒலிக்கும் யாழ் என்றும் அழைக்கிறான். இதுவரை எந்த ஊர்க் காதலனும் சொல்லக்கூடியதுதான். அவள் பதில் சொல்லும்போதுதான் நாம் ஹிர்டாவில் இருப்பது தெரிகிறது. தேன் போன்ற ஃபுல்மரை முதலில் எனக்குக் கொண்டுவந்து தந்தவன் நீ என்கிறாள்.

ஃபுல்மர் என்ன பறவை என்று தெரிந்தால் இந்த வரியின் கனம் தெரியும். கூட்டை நெருங்கினால் நாற்றமடிக்கும் எண்ணெயை மூஞ்சியில் உமிழும் பறவை அது. துணியில் பட்டால் அந்த வாடை லேசில் போகாது. அதைத் தேன் என்கிறாள், ஏனென்றால் அதற்காக அவன் எங்கே இறங்கினான் என்பது அவளுக்குத் தெரியும். பிரிட்டனில் 1878 வரை ஃபுல்மர் கூடு கட்டியது இந்தத் தீவுக்கூட்டத்தில் மட்டும்தான். அதாவது, வேறெந்த பிரிட்டிஷ் ஊர்ப் பெண்ணும் இந்த வரியைப் பாடியிருக்கவே முடியாது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய ஒன்று, மார்ட்டின் பதிவு செய்த காதலிக் கல். பள்ளத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தப் பாறையின் விளிம்பில் ஒரு குதிகாலை ஊன்றி, மற்ற காலை அந்தரத்தில் நீட்டி, குனிந்து நிலைகுலையாமல் நிற்கிறவன்தான் கல்யாணத்துக்குத் தகுதியானவன். பயணிகளுக்கு அது வேடிக்கை. பாறையில் தடுமாறுகிறவன் மனைவி மக்களுக்குச் சோறு போட முடியாது என்பதால் தீவுக்காரர்களுக்கு அது தேர்வு.

ஒப்பாரிகளைப் பற்றிச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொன்னால் போதும். பாறைக்கோ கடலுக்கோ தன் ஆட்களைப் பறிகொடுத்த ஒரு பெண் பாடியது. அதில் இரண்டு வரிகளின் கருத்து இது:

என் பங்கு முட்டைகள் வலுத்தவர் கையில் இருக்கின்றன,
என் பங்குப் பறவைகள் மேகத்தில் கத்திக்கொண்டிருக்கின்றன.

முன்னே சொன்ன ‘பங்கு’ இதுதான். இறங்கிப் பிடிக்க ஆள் இல்லாததால் அவளுக்கு வரவேண்டிய பறவைகள் பிடிபடாமல் வானத்திலேயே இருக்கின்றன. செத்தவனின் அழகையோ வீரத்தையோ அவள் இந்த இடத்தில் பாடவில்லை. குவியலில் தன் பாகம் இல்லாமல் போனதைச் சொல்கிறாள், மேலே பார்க்கிறாள். தீவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பறவை. காது இருக்கும்வரை அவளால் அந்த இழப்பிலிருந்து தப்ப முடியாது. துக்கத்தைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிடச் சுருக்கமானது அதிகம் இல்லை.

இவை எப்படித் தப்பிப் பிழைத்தன?

அரைகுறையாகத்தான். 1830-இல் அங்கே போன போதகர் நீல் மெக்கன்சி, மக்களின் மொழியைப் பேசியவர், சில பாடல்களை எழுதி வைத்தார். அவர் மகன் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றை அச்சுக்குக் கொண்டுவந்தார்.

இன்னொரு சம்பவம் 1865 மே 22 அன்று நடந்தது. கேலிக் வழிபாட்டுப் பாடல்களையும் நாட்டார் பாடல்களையும் வாழ்நாளெல்லாம் திரட்டிய அலெக்சாண்டர் கார்மைக்கேல் அன்று ஹிர்டாவில் இருந்தார். யூஃபீமியா மெக்கிரிம்மன் என்ற 84 வயது மூதாட்டிக்குப் பழைய பாடல்களும் கதைகளும் ஏராளமாகத் தெரியும் என்று கண்டு, எதிரே உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். சுற்றிக் கடற்படை ஆட்கள், ஊர் ஜனம், குழந்தைகள், எல்லாருக்கும் மேலாகப் பரபரப்பில் விடாமல் குரைக்கும் நாய்கள். அந்த இரைச்சலில் கிடைத்ததை எழுதிக்கொண்டார். அமைதியாக உட்கார முடிந்திருந்தால் இன்னும் எவ்வளவோ கிடைத்திருக்கும் என்று பிறகு வருந்தினார். பாடியதற்காக அந்தக் கிழவியையும், பாட வைத்ததற்காகத் தன்னையும் ஊரார் கண்டித்தார்கள் என்றும் குறித்திருக்கிறார்.

ஏன் கண்டித்தார்கள்? சொந்தப் பாட்டுத்தானே?

மனசு கசக்கிற இடம் இது. 19-ஆம் நூற்றாண்டில் வந்த கண்டிப்பான சமயப் போதனை, பாட்டு, ஆட்டம், பழங்கதை எல்லாவற்றையும் வீண் என்று ஒதுக்கக் கற்றுக்கொடுத்தது. 1865 முதல் 1889 வரை அங்கே போதகராக இருந்த ஜான் மெக்கே காலத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆராதனையிலேயே போனது. கார்மைக்கேல் போனபோதே பழைய பாடல்கள் வெட்கப்பட வேண்டியவை ஆகிவிட்டிருந்தன.

ஆனால் பழியை முழுக்கத் தேவாலயத்தின் மேல் போடவும் எனக்கு மனம் வரவில்லை. பாடல்களை எழுதி வைத்த மெக்கன்சியும் போதகர்தான். அந்த மக்கள் எதைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். அதே நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பெரும்பகுதி சில நாட்களிலேயே தாடைப் பூட்டு நோயில், அதாவது டெட்டனஸில், செத்துக்கொண்டிருந்தன. ‘எட்டாம் நாள் நோய்’ என்றே அதற்குப் பெயர். அவ்வளவு குழந்தைகளைப் புதைத்த ஊர், மறுமையைப் பற்றிப் பேசுகிறவரின் சொல்லை இறுகப் பற்றிக்கொண்டது எனக்குப் புரிகிறது. பாட்டு போனதுதான் வலிக்கிறது.

வெளியூர்க் கவிஞர்கள் எழுதினார்களா?

நிறைய. முதல் அலை 18-ஆம் நூற்றாண்டில், மார்ட்டினின் புத்தகத்தைப் படித்துவிட்டு எழுதியவர்கள். டேவிட் மேலட் 1747-இல் ஒரு நீண்ட காதல் கவிதையின் களமாக இந்தத் தீவை வைத்தார். வில்லியம் காலின்ஸ், ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலாண்ட்ஸ் மக்களின் நம்பிக்கைகளைப் பற்றி எழுதிய கவிதையில் கில்டாவின் கபடமற்ற மனிதர்களைப் புகழ்ந்தார், வசந்தகாலத் தேனீயின் ரீங்காரம்கூடக் கேட்டறியாத இடம் அது என்றார். அழகான வரிதான். ஆனால் அவர் பார்த்தது இல்லாததை: தேனீ இல்லை, மரம் இல்லை, செல்வம் இல்லை. அதே ஊர்ப் பெண்ணின் வாயில் தேன் இருந்தது. ஃபுல்மரில் இருந்தது. இந்த இரண்டு வரிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கும்.

20-ஆம் நூற்றாண்டில் டக்ளஸ் டன் வேறு வழியில் போனார். ஹிர்டாவின் ஆண்கள் தினமும் காலையில் தெருவில் கூடி அன்றைய வேலையைத் தீர்மானிப்பார்கள். தலைவர் கிடையாது. பயணிகள் அதற்கு ‘பாராளுமன்றம்’ என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் வரிசையாக நிற்கும் 19-ஆம் நூற்றாண்டுப் புகைப்படம் ஒன்று பிரபலம். டன்னின் கவிதை அதை எடுத்த புகைப்படக்காரர் நூறு வருடம் கழித்துத் தன் படத்தைத் திரும்பப் பார்ப்பது போல அமைந்தது. தான் வெளியாள், பார்க்க மட்டும்தான் முடியும் என்பதை மறைக்காமல் எழுதியதால் அது எனக்கு நேர்மையாகப் படுகிறது.

வரலாற்றில் எந்தச் சம்பவங்கள் கவிதைக்குத் திரும்பத் திரும்ப வருகின்றன?

1727-ஆம் வருடத்து அம்மை. அந்தக் கோடையில் மூன்று ஆண்களையும் எட்டுப் பையன்களையும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மினில் இறக்கிவிட்டு வந்தார்கள். அதற்குள் ஊரில் பெரியம்மை பரவியது. திரும்பப் போய் அழைத்துவரப் படகு வலிக்க ஆள் மிஞ்சவில்லை. பதினொரு பேரும் சுமார் ஒன்பது மாதம், ஒரு முழுக் குளிர்காலம், அந்தப் பாறைத் தூணில் பறவையும் மீனும் தின்று உயிரோடு இருந்தார்கள். 1728 மே மாதம் மீட்கப்பட்டு வந்தபோது ஊரில் பெரும்பாலான வீடுகள் காலி.

அடுத்து கிரேஞ்ச் சீமாட்டி. எடின்பரோவில் செல்வாக்குள்ள நீதிபதியின் மனைவி. கணவர் 1732-இல் ஆள் வைத்துக் கடத்தி, 1734 வாக்கில் ஹிர்டாவில் கொண்டுபோய் வைத்தார். எடின்பரோவில் அவர் செத்துவிட்டதாக ஈமச்சடங்குகூட நடந்துவிட்டது. அவருக்கு கேலிக் தெரியாது, தீவுக்காரர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. அழுக்கும் நாற்றமும் ஏழ்மையுமான தீவு என்று கடிதத்தில் எழுதினார். காதலர்கள் ஃபுல்மரைத் தேன் என்று பாடிய அதே ஊர், சிறைப்பட்டவருக்கு அப்படித்தான் தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பெரிய ஆக் என்ற பறக்காத பறவையின் கதையும் இங்கே முடிகிறது. 1840 வாக்கில் ஸ்டாக் அன் ஆர்மினில் ஒன்றைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். புயல் எழுந்தது. அதைக் கிளப்பிய சூனியக்காரி இதுதான் என்று பயந்து அடித்துக் கொன்றார்கள். பிரிட்டனில் கடைசியாகக் காணப்பட்ட பெரிய ஆக் அதுதான் என்று கருதப்படுகிறது. கொஞ்ச காலத்தில் உலகத்திலேயே அந்த இனம் இல்லாமல் போனது.

ஏன் கிளம்பினார்கள்?

ஆள் குறைந்துவிட்டது. 1852-இலேயே 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினார்கள், பலர் வழியிலேயே இறந்தார்கள். அதன் பிறகும் இளைஞர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். படகு வலிக்கவும் கயிறு பிடிக்கவும் குறைந்தபட்சம் இத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கணக்கு உண்டு, அதற்குக் கீழே போனால் ஊர் நடக்காது. 1930 ஜனவரியில் மேரி கில்லிஸ் என்ற இளம்பெண் பெருநிலத்து ஆஸ்பத்திரியில் இறந்தார். மே மாதம் தங்களை அழைத்துப் போகும்படி அரசுக்கு மனு எழுதினார்கள். ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் ஹேர்பெல் என்ற கடற்படைக் கப்பலில் ஏறினார்கள். வீடுகளில் பைபிளைத் திறந்துவைத்து, பக்கத்தில் கொஞ்சம் ஓட்ஸ் குவித்துவிட்டு வந்தார்கள்.

பலருக்கு ஸ்காட்லாந்தின் மார்வெர்ன் பகுதியில் வனத்துறை வேலை கொடுத்தார்கள். அதுவரை தங்கள் ஊரில் ஒரு மரத்தைக்கூடப் பார்த்திராதவர்களுக்கு மரம் நடுகிற வேலை. இதைப் பற்றி ஓர் ஒப்பாரி இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பல தடவை யோசித்திருக்கிறேன்.

இப்போது அங்கே என்ன மிச்சம்?

1957 முதல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. யுனெஸ்கோ 1986-இல் இயற்கைக்காகவும் 2005-இல் பண்பாட்டுக்காகவும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இரண்டுக்குமாகச் சேர்த்து இடம்பெற்ற இடங்கள் உலகத்திலேயே கொஞ்சம்தான். கூரையில்லாத வீடுகளுக்கு நடுவே சோவே ஆடுகள் மேய்கின்றன. பெருநிலத்தில் இருப்பதைவிடக் கொஞ்சம் பெரிதான, ஹிர்டாவுக்கே உரிய ரென் குருவி கல்லிடுக்குகளில் பாடுகிறது.

இன்னொரு உயிர் இல்லை. மனிதர் வீடுகளிலேயே வாழ்ந்து பழகிய தனி வகை வீட்டெலி ஒன்று ஹிர்டாவில் இருந்தது. ஆட்கள் போன சில வருடங்களிலேயே அது அழிந்துவிட்டது. வயலெலி பிழைத்துக்கொண்டது. ஊர் காலியானதைப் பற்றிக் கவிதை எழுத நினைக்கிறவர்களுக்கு நான் சொல்வது இந்த எலியைத்தான்.

பாறைத் தீவைப் பற்றி நானும் எழுத விரும்புகிறேன். எங்கே தொடங்க?

தனிமை என்ற சொல்லை முதலில் எடுத்து வைத்துவிடுங்கள். அது கப்பலில் வந்து இறங்குகிறவரின் சொல். அங்கே வாழ்ந்தவர்கள் நெருக்கிக்கொண்டு, ஒரே தெருவில், ஒருவர் கயிற்றை இன்னொருவர் பிடித்து வாழ்ந்தார்கள். அங்கே என்ன தின்றார்கள், எதைக் கையில் பிடித்தார்கள், எதைப் பங்கு போட்டார்கள் என்று தேடுங்கள். பொருள்களின் பெயர்களைச் சேருங்கள். உவமை தேடி அலைய வேண்டாம், பெயர்களிலிருந்தே வரும்.

போய்ப் பார்க்க முடியுமா?

கோடையில் ஹாரிஸ், ஸ்கை தீவுகளிலிருந்து பயணப் படகுகள் போகின்றன. கடல் ஒத்துழைக்காவிட்டால் அன்றைய பயணம் ரத்து, அதனால் கையில் கூடுதலாக ஓரிரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். கரையில் இறங்கிய பிறகு எல்லாரும் கிராமத் தெருவுக்கே போவார்கள், போக வேண்டியதுதான். ஆனால் திரும்பும் வழியில் படகு போரரே பக்கம் போனால் உள்ளே உட்கார்ந்துவிடாதீர்கள். ஸ்டாக் லீயின் உச்சி பறவை எச்சத்தால் வெள்ளை வெளேரென்று இருக்கும். மேலே ஆயிரக்கணக்கில் கானெட்கள் சுற்றிச் சுற்றிக் கத்தும். பிடித்துப் பங்கு போட ஆள் இல்லாமல் போய் இத்தனை வருடங்கள் ஆகிவிட்டன. அந்தச் சத்தத்தைத்தான் ஒப்பாரி பாடிய அவள் மேகத்தில் கேட்டாள்.